டேப்பட் சத்தம் நின்றது, வால்வு எரிந்தது: தருமபுரியில் நான் ஏமாந்த விதம்

காரின் இன்ஜினில் 'டிக் டிக்' என்று கேட்ட சத்தத்தை நிறுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு ஒர்க்‌ஷாப்பில் 7,200 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் செய்த கோளாறைச் சரிசெய்ய, மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் 23,500 ரூபாய் செலவழித்தேன். முதல் ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் நம் பக்கத்தில் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும்.

என்னுடையது 2010ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இந்த இன்ஜினில் 16 வால்வுகள் உண்டு; காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டருக்குள் விடுபவை இன்டேக் வால்வுகள், எரிந்த புகையை வெளியே விடுபவை எக்ஸாஸ்ட் வால்வுகள். ஒவ்வொன்றின் தலைக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்மின் ஸ்குரூவுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி விட்டிருப்பார்கள். சில கார்களில் ஆயில் அழுத்தமே அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். இதில் ஸ்குரூவையும் லாக் நட்டையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஓட ஓட இடைவெளி கூடினால் சத்தம் வரும். ஆகவே 'டேப்பட் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்', அதாவது இந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், என்று அவர்கள் சொன்னதில் தவறில்லை. என்னை நம்பவைத்ததும் அதுதான்.

சேலத்திலிருந்து திரும்பிய கையோடு, இன்ஜின் சூடு ஆறாமலே வண்டியை அங்கே விட்டேன். உட்காரச் சொல்லிவிட்டு, வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பட் கவரை உடனே கழற்றினார்கள். எதிரே டீ குடித்துவிட்டு நான் திரும்பும்போது கவரை மூடிக்கொண்டிருந்தார்கள்; அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு ரிங் ஸ்பேனரும் தவிர வேறு கருவி எதையும் நான் பார்க்கவில்லை. 'நாலு ராக்கர் ஆர்ம் தேஞ்சு போச்சு சார், புதுசு போட்டுட்டோம்' என்றார் உரிமையாளர். பழையவற்றைக் கேட்டபோது, 'இரும்புக்கடைக்காரன் இப்பத்தான் எடுத்துட்டுப் போனான்' என்றார். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி எண்ணோ கடை முத்திரையோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார். ஸ்டார்ட் செய்து பார்த்தால் சத்தம் சுத்தமாக இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் பாராட்டிக்கொண்டு வந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மாதம் எதுவும் தெரியவில்லை. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரிந்தது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த வண்டி 11க்கு இறங்கியது. தொப்பூர் கணவாயில் தருமபுரியை நோக்கி ஏறும்போது, முன்பு நான்காவது கியரில் ஏறிய இடத்தில் மூன்றாவதே திணறியது, பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு முறை போய்ச் சொன்னேன். முதல் முறை பெட்ரோலைக் குறை சொன்னார்கள், இரண்டாம் முறை பிளக்கை மாற்றச் சொன்னார்கள். பிளக்கையும் மாற்றினேன். சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது.

என் தங்கை வீட்டுக்காரர் சொன்னதன் பேரில் கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனரில் பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். ஆனால் அவர் அன்று கவரைத் திறக்கவே மறுத்துவிட்டார். சூடாக இருக்கும்போது இடைவெளி மாறிவிடும், இந்த இன்ஜினின் அளவெல்லாம் குளிர்ந்த நிலைக்குச் சொல்லப்பட்டவை, ராத்திரி இங்கேயே நிற்கட்டும் என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கவர் திறக்கப்பட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். கிராங்க் புல்லியைக் கையால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் வால்வுகள் முழுதும் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக் காட்டினார். இந்த இன்ஜினில் இன்டேக் வால்வுக்கு 0.15 முதல் 0.19 மில்லிமீட்டரும், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.26 முதல் 0.30 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் 0.25 தகடு போகவில்லை, 0.15 போகவில்லை, கடைசியாகக் காகிதம் போன்ற 0.05 தகடும் வளைந்ததே தவிர உள்ளே போகவில்லை. சத்தம் நின்ற ரகசியம் அதுதான்: அளக்காமல், சூட்டோடு சூடாக எல்லா ஸ்குரூவையும் இறுக்கியிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாவிட்டால் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது மூடும்போது அது பொருந்தும் வளையத்தில், உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவிடும். ஸ்குரூ அழுத்திக்கொண்டே இருப்பதால் முழுதாக உட்கார முடியாத வால்வு சூடு இறங்காமல் ஓரம் கருகும். கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அந்த வழியே கசியும்.

நான்கு ராக்கர் ஆர்ம் புதிது என்றார்கள் அல்லவா? பதினாறு ஸ்குரூவிலும் ஒரே பழுப்பு ஆயில் கறை படிந்திருந்தது. ஒன்றுகூட மாற்றப்படவில்லை. டேப்பட் கவரின் கேஸ்கட்டையும் மாற்றாமல், சுற்றிலும் கறுப்பு சிலிக்கானை அப்பியிருந்தார்கள்.

எல்லா வால்வுகளையும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கம்ப்ரஷன் பார்த்தார். மற்ற மூன்று சிலிண்டர்களும் 170 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் இருக்க, மூன்றாவது 100ஐத் தாண்டவில்லை. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் முள் ஏறாததால் பிஸ்டன் ரிங் காரணமில்லை, வால்வுதான் என்று உறுதியானது. வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினோம். எரிந்த வால்வின் ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சில்லுபோல இருந்தது. அந்த வால்வு, சீட் வேலை, ஹெட் கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்துத்தான் 23,500. பழைய வால்வைக் கேட்காமலே பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

டேப்பட் வேலைக்கு இனி நான் போவதானால் முந்தின இரவே வண்டியை விட்டுவிடுவேன்; 16 இடைவெளிகளையும் சரிசெய்யும் முன்பும் பின்பும் அளந்து காகிதத்தில் எழுதித் தரச் சொல்வேன். ஃபீலர் கேஜ் எங்கே என்று கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் சாவியைக் கொடுக்க மாட்டேன். இந்த இன்ஜினில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் மெல்லிய 'டிக்' சத்தம் போடும், புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிந்தாலும் குளிரில் அப்படித்தான் கேட்கும் என்பதால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே டேப்பட் என்று சொல்பவரிடமும் கவனம் தேவை.

பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, கம்ப்ரஷன் அளவுகள், வால்வின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களுடன் ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்த மறுநாள் உரிமையாளரே போன் செய்தார். 'எதுக்கு சார் இதெல்லாம்? வண்டிய எடுத்துட்டு வாங்க, இன்னொரு தடவ டேப்பட்ட நல்லா டைட் பண்ணித் தர்றேன்' என்றார்.