முத்திரையா, எடையா?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மேசையில், மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்கான .308 ரைபிள் காலித் தோட்டா உறைகள் குவிந்து கிடக்கும். அண்ணன் உறையின் அடியிலுள்ள தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்துப் பிரிப்பார். நான் தராசில் நிறுத்துப் பிரிப்பேன்.

முதலில் செய்ய வேண்டியது அண்ணன் வழிதான். பிஎம்பி, லாபுவா என எந்தத் தயாரிப்பாளரின் உறையானாலும் வெளியளவு ஒன்றே. சுவர்த் தடிமன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தடித்த உறையில் உள்ளிடம் குறைவு, அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் ஏறிவிடும். இதே வடிவிலுள்ள ராணுவ 7.62 உறைகளில் இன்னும் கவனம் வேண்டும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் குழியின் விளிம்பைப் பெரும்பாலும் அழுத்தி மடித்திருப்பார்கள். அதை நீக்காமல் புதுப் பிரைமர் சரியாக உட்காராது. இவற்றைக் கலந்து நிரப்புவது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம்.

எடை அப்புறம்தான், அதுவும் ஒரே முத்திரைக்குள். உறையின் அடியைச் சுற்றி வெளியே ஓடும் பள்ளம் சற்று ஆழமாக வெட்டப்பட்டிருந்தாலே எடை குறையும், உள்ளிடம் மாறாது. தண்ணீர் நிரப்பி அளந்தால் உண்மை தெரியும். 150 மீட்டரில் இம்பாலா மான் சுடுபவருக்கு முத்திரையே போதும். தொலைதூரக் குறிப்போட்டிக்குத்தான் தராசு.