கண்டியிலிருந்து எல்ல வரை: எந்த பெக்டரியில் இறங்கலாம்?

கண்டியில் புறப்பட்டு நுவரெலியா, அப்புத்தளை வழியாக எல்ல வரை போகிறவர்கள் வழியில் உள்ள எல்லாத் தேயிலை பெக்டரிகளிலும் ஏறி இறங்க வேண்டியதில்லை. எதைத் தேர்ந்தாலும், பெயரைவிடப் போய்ச் சேரும் கிழமையும் நேரமும்தான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கள் காலை கொழுந்தைச் சுருட்டும் ரோலர் சுற்றாது. பறித்த கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடி, துவண்ட பிறகுதான் ரோலருக்குப் போகும். தீபாவளி, பொங்கலுக்கு மறுநாளும் இதே நிலைதான்.

முதலில் கண்டிக்கு மேலே ஹந்தானை நூதனசாலை. 1925இல் கட்டிய பெக்டரியை 2001இல் நூதனசாலை ஆக்கினார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிய பொருட்கள் இங்கே இருக்கின்றன. இயந்திரங்கள் ஓடாமல் நிற்பதால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் தேயிலை வாசம் வேண்டுமென்றால் இங்கே கிடைக்காது.

லபுக்கலை றோட்டோரத்திலேயே இருக்கிறது. வாகனம் நிறுத்தச் சிரமமில்லை. தேத்தண்ணியும் சொக்லேட் கேக்கும் சாப்பிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு இளைப்பாறலாம். பிள்ளைகள், வயதானவர்கள் வந்தால் இதுதான் சரி. சுற்றுலா பஸ்கள் வந்து சேர்ந்துவிட்டால் சுற்றிக் காட்டுகிறவர்கள் அவசரப்படுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

நுவரெலியா டவுனுக்குப் பக்கத்திலுள்ள பீட்ரு 1885இல் தொடங்கியது. இங்கே ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் அதிகம். வெளிர் நிறத் தேயிலை செய்வதால் குளிரான இரவு நேரத்தில்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். பகலில் போனால் நின்றுபோன இயந்திரத்தைத்தான் பார்க்கலாம். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துப் பார்க்கத்தான் அங்கே போகவேண்டும். பால் ஊற்றாமல் குடியுங்கள். பால் சேர்த்தால் அந்த மென்மை காணாமல் போய்விடும்.

ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், எங்கள் தேர்வு அப்புத்தளைக்கு அப்பால் உள்ள தம்பேத்தன்னை. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய பெக்டரி இது. அரைத்த கொழுந்து பரப்பிக் கிடக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பச்சை நிறம் செப்பு நிறமாக மாறும், பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும். இது நேரம் தப்பினால் கெட்டுவிடும் கட்டம். சீக்கிரம் உலர்த்தும் டிரையரில் போட்டால் தேத்தண்ணி பச்சை வாடை அடிக்கும். தாமதித்தால் சாயம் கறுத்து, சுவை மட்டமாகும். டிரையரிலிருந்து வரும்போது ஈரம் சுமார் 3 சதவீதம்தான் மிஞ்சும். உள்ளே படம் எடுக்க விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து லிப்டன் சீட் என்ற மலைக் காட்சியிடம் சுமார் 7 கிலோமீற்றர் ஏற்றம். பாதை ஒடுக்கம், வேன் வேண்டாம், த்ரீவீல் பிடியுங்கள். விடிந்ததும் மேலே போய்விட்டு பெக்டரிக்கு இறங்கி வருவதே நல்லது, ஏனென்றால் காலை போகப் போக மூட்டம் மறைத்துவிடும்.

எல்லவுக்குப் பக்கத்து ஹல்பேவத்தையில் சுற்றிக் காட்டிய பிறகு வரிசையாகக் கோப்பைகள் வைத்துச் சுவைக்கத் தருகிறார்கள். ரகங்களின் வித்தியாசம் புரிய இதைவிட வசதியான இடம் இந்தப் பாதையில் இல்லை. ஓ.பி. என்ற ரகம் நீண்ட இலை, சாயம் மெல்ல இறங்கும். பி.ஓ.பி.எஃப். என்ற ரகம் பொடி, சாயம் சட்டென்று ஏறும். பால் தேத்தண்ணிக்கு அதுதான் பொருத்தம்.

வாங்கும்போது மாதத்தைக் கேளுங்கள். அப்புத்தளை, எல்ல இருக்கும் ஊவாப் பக்கத்துத் தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை, கச்சான் காற்று அடிக்கும்போது சிறப்பாக இருக்கும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை. அலுமினியத்தாள் உறையில் அடைத்ததையே எடுங்கள், நுவரெலியாக் குளிரில் திறந்த பை இரண்டு நாளில் ஈரம் இழுத்துவிடும். ஊற்றும்போது 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், ஐந்து நிமிடம்.