கேன்வாஸ் இழையும் தூரிகைத் தடமும்: டெக்ஸ்சர் ஃபில்டர்களோடு ஆறு ஆண்டுகள்

படத்துக்கு ஓவியத் தோற்றமும் டெக்ஸ்சர் எனப்படும் பரப்பு இழையும் தரும் ஃபில்டர்களின் தொகுப்பான ஃபோட்டோஷாப்பின் ஃபில்டர் கேலரியை முதன்முதலில் திறந்தபோது, எடுத்த படத்தை ஓவியமாக்கும் வேலை இரண்டு கிளிக்கில் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஆறு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். அங்குள்ள நாற்பத்தேழு ஃபில்டர்களில் இன்று என் கை தானாகச் செல்வது மூன்று நான்கின் பக்கம்தான்.

எனக்குப் பாடம் கற்றுத் தந்தது டெக்ஸ்சரைசர். செங்கல், சாக்குத்துணி, கேன்வாஸ், மணற்கல் என்ற நான்கு பரப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் அளவையும் புடைப்பையும் ஒளி வரும் திசையையும் குறித்தால் போதும். 1200 பிக்சல் அகலமுள்ள ஒரு நகலில் கேன்வாஸைப் பொருத்திப் பார்த்தேன். இழை ஒவ்வொன்றும் அழகாக எழுந்து நின்றது. அதே எண்களை 6000 பிக்சல் அகலமுள்ள மூலப் படத்தில் இட்டு, நகலின் அளவிலேயே அச்சிட்டபோது, கேன்வாஸ் இருந்த சுவடே தெரியவில்லை. காரணம் எளியது: ஃபில்டர் இழையின் பருமனைப் பிக்சலில்தான் கணக்கிடுகிறது, ஆகவே படம் ஐந்து மடங்கு அகலமானால் இழை அதில் ஐந்தில் ஒரு பங்காக மெலிந்துவிடுகிறது. மாறாக, பெரிய படத்தில் இழையைப் பதித்துவிட்டுப் பிறகு சுருக்கினால், நூல்கள் ஒன்றோடொன்று மோதி, பரப்பெங்கும் அலை அலையான மோரே கோடுகள் கிளம்புகின்றன. எனவே முதலில் படத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றத் திருத்தங்கள் யாவும் முடிந்த பிறகே டெக்ஸ்சரைத் தொடுகிறேன். திரையிலும் 100 விழுக்காட்டில் வைத்துப் பார்த்தே முடிவு செய்கிறேன், ஏனெனில் 33 அல்லது 66 விழுக்காட்டில் படத்தில் இல்லாத கோடுகளைத் திரையே உண்டாக்கிக் காட்டும்.

இந்த ஃபில்டர்களின் வயதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஆல்டஸ் நிறுவனம் கேலரி எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் தனித் தொகுப்பாக விற்றவை. 1994-இல் ஆல்டஸ், ஃபோட்டோஷாப்பை வெளியிடும் அடோபியுடன் இணைந்தபோது அவையும் உடன் வந்தன. இன்றைய கேமராப் படங்களில் பல ஸ்லைடர்களை உச்சத்துக்கு நகர்த்தினாலும் விளைவு சன்னமாகவே தெரிவதற்கு இந்தப் பழமையே காரணம் என்பது என் கணிப்பு. கேலரி நிறச்சாயல்கள் குறைவான 8 பிட் படங்களை மட்டுமே ஏற்பதால், வானத்தின் நிறச்சாய்வைச் சாயல்கள் மிகுந்த 16 பிட்டிலேயே சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

முகங்களில் டெக்ஸ்சரை நேரடியாக இடுவதை நிறுத்தி நாளாயிற்று. படத்தின் மேல் 50 விழுக்காடு சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, கேன்வாஸை அந்தச் சாம்பலில் பதித்து, லேயர் கீழுள்ள படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடை ஓவர்லேக்கு மாற்றுகிறேன். சாம்பல் மறைந்து, இழையின் மேடும் பள்ளமும் மட்டும் படத்தின் மேல் தங்குகின்றன. பிறகு லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கில் மென்மையான கறுப்புத் தூரிகையால் கண்களையும் உதடுகளையும் துடைத்துவிட்டால், துணியின் மேல் தீட்டிய முகம் போல இருக்கும். மாஸ்க் இல்லாமல் விட்டால், அதே முகம் சல்லடைக்குப் பின்னால் நிற்பது போல ஆகிவிடும்.

படத்தை வண்ணக் கண்ணாடித் துண்டுகளாக மாற்றும் ஸ்டெயின்ட் கிளாஸ் ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு இடையிலான கோடு, கருவிப்பெட்டியில் அப்போது தேர்ந்துள்ள முன்னணி நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை அறியாமல், அது ஏன் சிவப்பாகவே வருகிறது என்று ஒரு மாலை முழுவதும் விழித்திருக்கிறேன்.

தூரிகைத் தடம் வேண்டும்போது, இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்ப்பின் ஆயிலிஃபை ஃபில்டருக்குச் செல்வதுண்டு. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு வட்டத்தில் மிகுதியாக உள்ள ஒளிச்செறிவு எதுவோ அதையே அந்தப் பிக்சலுக்குத் தருவது அதன் வழி. இலைக்கூட்டமும் பழைய சுவரும் இதில் அருமையாகத் திரள்கின்றன. கண்ணிமை மயிர் போன்ற மெல்லியவை சிறுபான்மை என்பதால் அழிந்துபோகின்றன. விளிம்புகள் மங்காமல் இருக்க வேண்டுமானால் குவஹாரா வகை ஃபில்டர் பொருத்தம். அது பிக்சலைச் சுற்றியுள்ள நான்கு சதுரங்களில் எது மிகச் சீராக உள்ளதோ அதன் சராசரியை எடுக்கிறது. 1976-இல் இதயப் படங்களின் இரைச்சலைக் குறைக்க உருவான கணக்கு, இன்று எண்ணெய் ஓவியம் போடுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இப்போது ஃபோட்டோஷாப்பில் எந்தப் படத்தையும், மூலத்தைக் காக்கும் உறை போன்ற ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் ஃபில்டரைத் திறப்பதில்லை, ஏனெனில் மூலப் படம் உள்ளே அப்படியே இருக்க, எண்களை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். 2025-இல் வந்த கிம்ப் 3.0-லும் பல ஃபில்டர்கள் இதுபோலவே லேயரின் மேல் தனியாக நிற்கின்றன. என் முதல் ஓராண்டுப் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூலக் கோப்பின் மீதே சேமித்துவிட்டேன். அந்தக் கன்னங்களிலெல்லாம் கேன்வாஸ் இழை இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.