சென்னை வானிலை மையத்தின் முன்னறிவிப்புச் சேவை: வாசகத்தைவிடப் படமே மேல்

"வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், நகரின் ஒருசில பகுதிகளில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்னும் வாசகம் சென்னைவாசிகள் பலருக்கு மனப்பாடம். நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் இந்த அறிக்கையைக் கேலி செய்வது எளிது. ஆனால் அம்மையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றை எல்லாம் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தால், கேலிக்குரியது அறிக்கையின் நடைதானே தவிர, அதற்குப் பின்னாலுள்ள உழைப்பு அன்று என்பது விளங்கும்.

முதலில் வாசகத்தைப் பார்ப்போம். மழுப்பலாகத் தோன்றும் சொற்களுக்கும் வரையறை உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகக்கூடும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் 'ஒருசில இடங்களில்'. அதுபோலவே 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அறிக்கை தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் போய்ச் சேருவதற்குள் இந்த விளக்கங்கள் எல்லாம் உதிர்ந்துவிடுவதால், தன் தெருவில் மழை பெய்யாதவர் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வானத்தில் எவ்வளவு மேகம் இருக்கும் என்று சொல்லும் அறிக்கை, எந்த மேகம் என்று சொல்வதில்லை. கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலிகளோ இன்னும் மோசம். எல்லா மேகத்துக்கும் ஒரே சாம்பல் நிறப் பொம்மைதான். ஆறு கிலோமீட்டருக்கும் மேலே பனித்துகள்களாக மிதக்கும் கீற்று மேகம் வானம் முழுவதும் பரவியிருந்தாலும் அதிலிருந்து ஒரு துளிகூடத் தரைக்கு வராது. முற்பகலில் தட்டையான அடிப்பாகத்துடன் தோன்றும் திரள் மேகம் அதே அளவில் நின்றுவிட்டால் அன்று மழை இல்லை. பிற்பகலிலும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போனால் அது கார்திரள் மேகமாகி, 15 கிலோமீட்டர் உயரத்தையும் எட்டி, உச்சி கொல்லன் பட்டறைக் கல்லைப் போலப் பக்கவாட்டில் விரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு மாலையிலும் இரவிலும் இடியோடு வரும் மழை பெரும்பாலும் இவ்வகைதான்: கடற்காற்று உள்ளே நுழைந்து வெப்பக் காற்றை உந்தி மேலேற்ற, வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் உருவாகும் மேகங்களை மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று நகரை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழையின்போது பார்க்க வேண்டிய திசை கிழக்கு. கடலிலிருந்து தாழ்வாக விரைந்து வரும் கூட்டங்கள் சட்டெனக் கொட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு இடம்விடும்.

அறிக்கை சொல்லாத இந்த விவரத்தை மையத்தின் படங்கள் சொல்கின்றன. இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குளிர் கூடக் கூட வெண்மையும் கூடும். ஆகவே, மழை தராத அடர்ந்த கீற்று மேகமும் கொட்டித் தீர்க்கும் கார்திரளும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரியக்கூடும். அதே நேரத்துக்குரிய கட்புலப் படத்தை, அதாவது சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரிவதுபோல எடுத்த படத்தை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கீற்று மேகம் சல்லாத்துணியாக மங்கிவிடும். இரவில் கட்புலப் படம் கிடையாது என்பதால் அப்போது, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைக் கொண்டு மழையைக் காட்டும் ரேடாரைத்தான் நம்ப வேண்டும்.

உண்மையில் இந்தச் சேவையின் உயிர்நாடியே ரேடார் பக்கம்தான். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் இயங்கிவரும் டாப்ளர் ரேடாரின் படம் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நீலம் என்றால் தூறல், மஞ்சளைத் தாண்டிச் சிவப்பானால் வலுத்த மழை என்பது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதவை, ஒவ்வோர் இடத்துக்கும் மேலே பதிவான அதிகபட்ச எதிரொலியைக் காட்டும் 'மேக்ஸ் இசட்' படத்தின் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள இரண்டு பட்டைகள். மேகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல மழைத்துளிகள் எத்தனை கிலோமீட்டர் உயரம்வரை இருக்கின்றன என்பதை அவை காட்டுகின்றன. பட்டையில் நிறம் உயர்ந்துகொண்டே போனால் மேகம் இன்னும் வளர்கிறது. தாழ்ந்தால் அதன் ஆட்டம் முடிகிறது. அடுத்தடுத்து நான்கைந்து படங்களைப் பார்த்துத் திசையையும் வேகத்தையும் கணித்துக்கொண்டால், துணி எடுக்க மாடிக்குப் போகலாமா, இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாமா என்பதை எந்தச் செயலியைவிடவும் நன்றாக முடிவு செய்யலாம்.

எல்லைகளும் இல்லாமலில்லை. பூமியின் வளைவால் ரேடார் கதிர் தொலைவு செல்லச் செல்ல உயர்ந்துவிடுவதால், தொலைவிலுள்ள தாழ்வான மழைமேகம் அதன் பார்வையிலிருந்து தப்பிவிடும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையை முடக்கிய பெருமழைக்கு முன்கூட்டியே உரிய எச்சரிக்கை வரவில்லை; முன்னறிவிப்புத் திறனை மேம்படுத்தக் கோரி மாநில முதல்வர் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார். சிறு பரப்பில் திடீரெனத் திரளும் மேகத்தை முந்தைய நாளே சொல்வது எங்கும் கடினம்தான் என்றாலும், அந்த நிச்சயமின்மையையும் அறிக்கையிலேயே வெளிப்படையாகச் சொல்லலாம்.

படங்களுக்கு ஐந்துக்கு நான்கரை தரலாம். வாசகத்துக்கு இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. புதிதாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: ரேடார் படத்தில் அச்சாகும் நேரம் உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும், மாலை 5 மணி நிலவரத்தைத் தேடுபவர் 11:30 என்று பொறித்த படத்தைப் பழையது என ஒதுக்கிவிடக் கூடாது.