அப்பாவின் ஆம்னிக்கு ஒரு கண்ணாடி

விசா, விமானம், மாமா பேத்தி காதுகுத்து எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. நான் எழுத வந்தது அப்பாவுடைய மாருதி ஆம்னியின் வலப்பக்கக் கண்ணாடியைப் பற்றி. மூன்று வார லீவில் மூன்று நாளை அது தின்றுவிட்டது.

குற்றவாளி நான்தான். 2008இல் வாங்கின வண்டி. அன்றிலிருந்து அப்பா அந்தக் கண்ணாடியை மடக்கியேதான் வைத்திருக்கிறார். கும்பகோணத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்பதைக் காது பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷமாக இங்கிலாந்தில், லெஸ்டரில் ஓட்டுகிற எனக்கு, கண்ணாடி மடங்கியிருந்தால் கியரில் கை போகமாட்டேன் என்கிறது. விரித்து வைத்தேன். பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வாசலில் நிறுத்திவிட்டு இன்னும் சாவியைக்கூட எடுக்கவில்லை, எதிரே வந்த மினிபஸ் 'டப்'பென்று தட்டிவிட்டுப் போனது. கண்ணாடி தெருவில் சில்லு சில்லாக. கறுப்புக் கிண்ணம் மட்டும் ஒற்றைத் திருகில் தொங்கியது. படியில் நின்ற கண்டக்டர், "மடக்கி வெச்சா என்னக்கா?" என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனார்.

போன நவம்பரில் லெஸ்டரிலும் இதே கதைதான். ராத்திரி வாசலில் நின்ற வண்டியை யாரோ உரசிவிட்டுப் போயிருந்தார்கள், வைப்பருக்கடியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அங்கே கண்ணாடிக்குள் ஹீட்டர், மோட்டார், இண்டிகேட்டர் என்று ஒரு குடித்தனமே இருக்கிறது. ஒன்று போனால் மொத்தமும் மாற்ற வேண்டும். 310 பவுண்டு, பதினோரு நாள். அதுவரை பஸ்தான், ஏனென்றால் 1978 ஆகஸ்டுக்குப் பிறகு ரோட்டுக்கு வந்த கார் எதுவாக இருந்தாலும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி அங்கே கட்டாயம். பில்லைப் பார்த்தபோது, இதே நம்ம ஊராக இருந்தால் பாய் பட்டறையில் அரை மணி நேர வேலை என்று என் கணவரிடம் பெருமையடித்தது நினைவிருக்கிறது. அவர் இன்னும் மறக்கவில்லை.

பாலக்கரையில் பாய் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. விசாரித்துக்கொண்டு தாராசுரம் போகிற வழியில் கண்டுபிடித்தோம். "பாப்பாவா! லண்டன்லேருந்து எப்ப வந்தீங்க?" என்றார். அத்தோடு சரி. அதற்குமேல் வண்டியைப் பற்றி நான் எது கேட்டாலும் பதில் அப்பாவுக்குத்தான் போனது.

"சார், ஆம்னிய கம்பெனி 2019லயே நிறுத்திட்டான். டூப்ளிகேட் இப்பவே வாங்கிரலாம், ஆனா ஓட்டறப்ப தலையாட்டும். கிண்ணத்துல விரிசல்தான், மத்தபடி நல்லாத்தான் இருக்கு, இதையே ஒக்கிட்டுரலாம்."

ஒக்கிடுவதாவது! ஒரிஜினல்தான் வேண்டும் என்றேன். 'நாளைக்கு வந்துரும்' என்ற வாக்கியத்தின் பொருளை நான் மறந்திருந்தேன். நாளைக்கு வரவில்லை. மறுநாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது, உள்ளே இடப்பக்கக் கண்ணாடி. அப்பா என்னைப் பார்க்காமல் டீ சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டறைப் பையனுக்கு இருபது வயதிருக்கும். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியில் விரற்கடை அளவு துண்டுகள் நறுக்கினான். ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டி, விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டிக்கில் வைத்து அழுத்தினான், கிழிந்த துணிக்குத் தையல் போடுகிற மாதிரி. புஸ்ஸென்று புகை, கருகின நாற்றம். மேலே எம்-சீலைப் பிசைந்து அப்பி, ஈர விரலால் இழைத்து இழைத்து, விரிசல் எங்கே இருந்தது என்றே தெரியாமல் செய்துவிட்டான். 310 பவுண்டு கொடுத்த இடத்தில் யாரும் எதையும் இப்படித் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே முடித்திருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும். அட்டையில் அளவெடுத்து, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கி வந்து ஒட்டினார்கள். சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், என் வண்டியின் கதவும் ஒரு முழம் ரோடும்தான் தெரிகிறது. வெட்டி வந்தது பீரோவில் பதிக்கிற தட்டைக் கண்ணாடி! பழசு குவியாடி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, நேரான, சிறிய, மாய பிம்பம். பிம்பம் சிறுத்தால்தான் அகலமாக ரோடு தெரியும். அதனால்தான் 'தெரிவதைவிடப் பக்கத்தில் இருக்கிறது' என்று பழைய கண்ணாடியில் ஒரு வரி எழுதியிருந்தது. இவ்வளவையும் கையை வளைத்து வளைத்து விளக்கினேன். பாய் அப்பாவிடம் திரும்பி, "பாப்பா என்ன சொல்றாங்க?" என்றார்.

கடைசியில் பையனுக்குத்தான் புரிந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், எட்டணா அளவில் ஒரு குட்டிக் குவியாடி வாங்கி வந்து மூலையில் ஒட்டினான். அதில் பின்னால் நிற்கிற புளியமரம், டீக்கடை, அப்பா எல்லாம் தெரிந்தது. மொத்தம் 240 ரூபாய். ஐந்நூறை நீட்டி மீதி வேண்டாம் என்றதற்கு பாய் முகம் சுருங்கிவிட்டது. "2028 மகாமகம் வரைக்கும் அசையாது சார்" என்று மீதியை எண்ணி அப்பா கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வாசலில் வண்டியை விட்டதும் அப்பா கண்ணாடியை மடக்கி, யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூல மஞ்சப்பையை அதன்மேல் மாட்டி, சணலால் கட்டினார். "குருவி வந்து கொத்துதும்மா. தன்னையே பாத்து சண்டை போடுது."

ஊருக்குக் கிளம்பின அன்று திருச்சி ஏர்போர்ட்டுக்கு அப்பாதான் ஓட்டினார். நான் பின்சீட்டில் குழந்தைகளோடு. வல்லம் தாண்டி ஒரு லாரி முந்திக்கொண்டு போனபோதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன். காற்றில் உப்பிக்கொண்டு, மஞ்சப்பை அப்படியே இருந்தது.