டார்ச் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஈக்விவோகல்' என்று வந்தால் அவசரப்படாதீர்கள்

போன வருடம் எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது. தருமபுரியில் நான் பார்த்துக்கொண்டிருந்த தனியார் கிளினிக்கில் டார்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ரத்தத்தில் தேடுவது அது. கீழ்த்தளத்திலேயே லேப். 3,200 ரூபாய்.

ரிப்போர்ட்டில் எச்எஸ்வி ஐஜிஎம் 1.04 என்றும், பக்கத்தில் 'ஈக்விவோகல்' (உறுதியாகச் சொல்ல முடியாது) என்றும் இருந்தது. எச்எஸ்வி என்றால் ஹெர்பிஸ் வைரஸ், ஐஜிஎம் என்பது தொற்று வந்த புதிதில் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள். 0.9-க்குக் கீழே இருந்தால் இல்லை, 1.1-க்கு மேலே போனால் இருக்கிறது என்று கணக்காம், என்னுடையது நடுவில். டாக்டர் அரை நிமிடம் பார்த்தார். "ஹெர்பிஸ் இருக்கு, அதான் கரு தங்கலை." அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, "உடலுறவுல பரவுறது" என்றார். வெளியே பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தவில்லை.

பாலக்கோடு பஸ்ஸில் மூவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனபின் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

அப்புறம் ஐந்து மாதம் இதே வேலைதான். இருவருக்கும் மாத்திரை, மாதாமாதம் அதே டெஸ்ட். "ஐஜிஎம் நெகட்டிவ் ஆகட்டும், பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம்." 1.2 வந்தது, 0.95 வந்தது, மறுபடி 1.1. என் தோடு அடகுக்குப் போனது.

ஓசூரில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள்தான் கேட்டாள்: "அக்கா, புண்ணு ஏதாவது இருந்துச்சா? யாராவது பாத்தாங்களா?" புண்ணும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அவள் சொல்லித்தான் அரசு மருத்துவமனையில் தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தார். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் டெஸ்டே உருப்படியானது இல்லையாம். வைரஸ் முதல் வகையா, உடலுறவில் பரவும் இரண்டாம் வகையா என்று அது பிரித்துச் சொல்லாது, வேறு தொற்றுக்கும் ஏறிக் காட்டும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியும் இதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தொற்றுக்குப் பிறகு ரத்தத்தில் நீடித்து நிற்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஜியை, வகை பிரித்துக் காட்டும் டெஸ்டில்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டாம் வகைக்கு 1.1-லிருந்து 3 வரை வந்தால் தப்பாகவும் இருக்கலாம், வேறு முறையில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது. தொற்றி 12 வாரம் ஆவதற்குள் எடுத்தால் நெகட்டிவ் என்றும் ஏமாற்றும். புண் இருந்தால் ரத்தமே வேண்டாம், புதுப் புண்ணிலிருந்து நீர் எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்ட் பார்ப்பதுதான் சரி.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருமாம்மா?" என்று கேட்டார். வரும். அக்கி என்று அம்மா காவி பூசிவிடுவார். அதுதான் முதல் வகையாம். உலகத்தில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் சிறுவயதில், எச்சில் வழியாக வருவது. ஐஜிஜி எடுத்தோம்: முதல் வகை பாசிட்டிவ், இரண்டாம் வகை நெகட்டிவ்.

எனக்கு வயிறு எரிந்தது இன்னொன்றில்தான். அடுத்தடுத்துக் கரு கலைந்ததற்கு டார்ச் டெஸ்டே தேவையில்லையாம். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை அமைப்பு, ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்புப் பொருள் இவற்றைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட அந்த கிளினிக்கில் எழுதித் தரவில்லை.

திரும்பப் போய்க் கேட்டோம். "நாங்க உறுதியா சொல்லலையே, ஈக்விவோகல்னுதானே போட்டிருக்கு" என்றார்கள்.

அன்று ராத்திரி கணவர் புது ரிப்போர்ட்டை அத்தைக்குப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "எனக்கும் உதட்டுல வரும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.