புள்ளி விழ வேண்டும்: பழைய பேனைகளோடு 11 வருடம்

பழைய மைப்பேனை ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் எழுதிப் பார்ப்பது "இஞ்சித் தேத்தண்ணீர்" என்ற சொற்களைத்தான். பத்து எழுத்தில் ஐந்து புள்ளி வந்துவிடும். ஒரு பேனை நல்லதா, கெட்டதா என்று எனக்குச் சொல்வது அந்தப் புள்ளிதான்.

புள்ளி வைக்கும்போது நிப்பு தாளைத் தொட்டவுடனே எழுந்துவிடுகிறது. மை அதற்கு முன்பே நுனியில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் புள்ளி விழாது, 'த்' வெறும் 'த' ஆகிவிடும். ஆங்கிலத்தைக் கோத்து எழுதுகிறவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. ஒரு கோடு இழுப்பதற்குள் மை வந்து சேர்ந்துவிடும். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்த பேனைகள் சில என் மேசையில் தோற்றுப்போயிருக்கின்றன.

நான் பண்டாரவளையில் இருக்கிறேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, பிள்ளைகளின் கொப்பி என்று தினமும் எழுத்து வேலைதான். 2014 முதல் இவை எல்லாவற்றையும் பழைய பேனைகளால்தான் எழுதி வருகிறேன்.

முதலில் வாங்கியது பார்க்கர் 51. கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில், துருப்பிடித்த பூட்டுகளோடு ஒரு டின்னுக்குள் கிடந்தது. 4,500 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிளாஸ் தண்ணீரில் முனையை மட்டும் மூழ்கவிட்டேன். முதல் நாள் தண்ணீர் கருநீலமானது. மாற்றினேன். இரண்டாம் நாள் ஊதா. மூன்றாம் நாளும் நுனியிலிருந்து மெல்லிய புகை மாதிரி மை இறங்கிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ எழுதி, மூடி வைத்துவிட்டுப் போன மை. நாலாம் நாள் தண்ணீர் தெளிந்தது. துடைத்து, மை ஏற்றி, இஞ்சித் தேத்தண்ணீர் எழுதினேன். ஐந்து புள்ளியும் விழுந்தன.

அதற்குக் காரணம் இருக்கிறது. பார்க்கர் கம்பனியின் 51ஆம் வருடமான 1939ஐ வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். விற்பனைக்கு வந்தது 1941இல். வேகமாகக் காயும் ஒரு மைக்காகவே இதை வடிவமைத்தார்கள். அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடக் கூடாது என்பதால், நிப்பு முழுவதையும் ஒரு கூட்டுக்குள் ஒளித்து நுனியை மட்டும் வெளியே விட்டார்கள். மூடியைத் திறந்து வைத்து ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாலும் நுனி ஈரமாகவே இருக்கும். தமிழுக்கென்றே செய்தது போல இருக்கிறது.

என்னுடையது 1948க்குப் பிந்திய ஏரோமெட்ரிக் வகை. உள்ளே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பை, அதைச் சுற்றி உலோக உறை, உறையில் ஒரு அழுத்துப் பட்டை. முனையை மையில் தோய்த்துப் பட்டையை ஐந்தாறு தடவை அமுக்கினால் போதும். அந்தப் பை எனக்கு மூத்தது. இன்னும் மெதுவாக வளைகிறது. இந்த 11 வருடத்தில் இந்தப் பேனைக்கு நான் ஒரு உதிரிப்பாகம்கூட மாற்றவில்லை.

இனி, மலையில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். கொழும்பிலிருந்து ரயில் ஏறினால் பட்டிப்பொலையில் 1,900 மீட்டர் அளவு உயரத்துக்கு வந்துவிடுகிறோம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேனைக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி மை இருக்கும் பேனைதான் ஆபத்தானது, ஏனென்றால் அதில்தான் காற்று அதிகம். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி பண்ணியோ, முனை மேலே பார்க்கிற மாதிரி சட்டைப்பையில் குத்தி வாருங்கள். பார்க்கர் 51இன் முனைக்குள் மெல்லிய இதழ்களாக வெட்டிய ஒரு பாகம் இருக்கிறது. மிஞ்சி வரும் மையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகும் அதை வைத்து எழுதியிருக்கிறேன், ஒரு சொட்டும் விழவில்லை.

இரண்டாவது ஒரு ஷீஃபர். பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா கொடுத்தது. "சேர், இது செக்ரோல் எழுதுன பேனை. லீவர் அசையாது, பலமா இழுத்துறாதீங்க" என்று சொல்லித்தான் தந்தார். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வேலைநாளும் சம்பளமும் எழுதும் பதிவேடு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வால்டர் ஷீஃபர் என்ற அமெரிக்க நகை வியாபாரி 1908இல் காப்புரிமை பெற்ற முறை அது: உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பு, அதைத் தூக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை அமுங்கும், விட்டால் மையை உறிஞ்சும். ரப்பர் பை ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கல்லாகிவிடும். அப்போது நெம்பை இழுத்தால் நெம்பு உடையும், சில சமயம் உடம்பும் பிளக்கும்.

அதைத் திறக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. கேத்தல் ஆவி பட்டும் படாமலும் கழுத்தைச் சூடாக்கி, ரப்பர் துண்டால் பிடித்து, ஆட்டி ஆட்டி இழுத்தேன். நெருப்பு மட்டும் காட்டவே கூடாது, பழைய பேனைகளில் பலவும் செல்லுலோயிட்டால் ஆனவை, பற்றிக்கொள்ளும். கழுத்து கழன்றதும் உள்ளிருந்து பழைய பை முட்டையோடு மாதிரி நொறுங்கிக் கொட்டியது. குச்சியால் சுரண்டி எடுத்தேன். புதுப் பையைத் தபாலில் வரவழைத்து, அளவுக்கு வெட்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தடவி ஒட்டினேன். அரக்குத்தான் சரியான பசை. அடுத்த முறை பை மாற்றும்போது சூடு காட்டினால் இளகிவிடும். சூப்பர் குளூ வைத்தால் அந்தப் பேனைக்கு அதுவே கடைசிப் பழுதுபார்ப்பு.

எழுதிக் காட்டுவதற்காகக் கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோனேன். பேசாமல் வாங்கி, தாளில் எண்களை மேலிருந்து கீழாக ஒரே நேராக எழுதி, கீழே கூட்டல் கோடு போட்டார். செக்ரோல் பக்கம் அப்படித்தான் இருக்கும்.

மனம் கசந்ததும் உண்டு. 51இலேயே 1948க்கு முந்திய வாக்குமாட்டிக் வகை ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், பழுது பார்த்தது என்று நம்பி வாங்கினேன். அதில் பை கிடையாது, மை நேரே உடம்புக்குள் நிற்கும். அடிப்பக்கத்தில் ஒரு ரப்பர் சவ்வுதான் பம்ப் வேலை பார்க்கிறது. அந்தச் சவ்வு பழையதே. பரீட்சை மேற்பார்வைக்கு நின்ற நாளில் கிழிந்து சட்டைப்பை முழுக்க நீலம். பிள்ளைகள் பரீட்சை எழுதும் மண்டபத்தில் அப்படி நிற்க வேண்டி வந்தது எனக்கு மிகுந்த மனவருத்தம். சவ்வை மாற்ற அதற்கென்றே ஒரு கருவி வேண்டும், என்னிடம் இல்லை. மலைநாட்டில் தினமும் எழுத வாங்குகிறவருக்கு நான் வாக்குமாட்டிக்கைச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையில் கைச்சூடு பட்டாலே அது மையைக் கொஞ்சம் கக்கும். ஏரோமெட்ரிக்கில் உலோக உறையும் காற்று இடைவெளியும் அந்தச் சூட்டைத் தடுக்கின்றன.

சீனத்து ஹீரோ பேனையும் ஒன்று வைத்திருக்கிறேன். பார்க்கர் 51 சாயல்தான், விலை குறைவு, பிள்ளைகள் கேட்டால் பயமில்லாமல் கொடுப்பேன். புள்ளி பத்துக்கு எட்டு விழும்.

மையில் நான் கண்டிப்பானவன். சாதாரணப் பேனை மை, நீலக்கறுப்பு, அவ்வளவுதான். ஓவியர்கள் பாவிக்கும் இந்தியன் மை உள்ளே போனால் காய்ந்து அடைத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் இங்கே சுவரே வியர்க்கும். அப்போது மைப்போத்தலைத் திறந்ததும் மணந்து பாருங்கள். மேலே ஆடை கட்டியிருந்தாலோ பூஞ்சண வாடை வந்தாலோ முழுப் போத்தலையும் ஊற்றிவிட வேண்டியதுதான். அந்த மையைத் தொட்ட பேனை மற்றப் போத்தல்களுக்கும் அதைக் கொண்டுபோகும். 2022இல் மை கிடைப்பதே பாடாக இருந்த நேரத்தில், அப்படி ஒரு போத்தலை ஊற்றினேன். மனம் வரவில்லை, ஆனாலும் ஊற்றினேன். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர் போதும், ஸ்பிரிட் உடம்பை வெடிக்கவைக்கும்.

தாளும் அந்த மாதங்களில் ஈரம் குடித்துவிடுகிறது. சீ.ஆர். கொப்பியில் எழுத்து வேர்விட்டுப் பரவும். அதற்கு மெல்லிய நிப்புத்தான் வழி. 'ழ'வுக்கும் 'ஞ'வுக்கும் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபடாமல் இருப்பதற்கும் அதுவே நல்லது.

வாங்கப் போகிறவர்கள் நகைக்கடை லென்ஸ் ஒன்றும் சின்னப் போத்தலில் மையும் கொண்டுபோங்கள். நிப்பின் நுனியில் கடினமான உலோகத்தில் ஒரு சிறு உருண்டை இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். நிப்பே இல்லாத பேனைகளும் வரும், தங்கத்துக்காகக் கழற்றியிருப்பார்கள். நெம்பைத் தூக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நுனியை மட்டும் தோய்த்து, உங்களுக்குப் பழகிய ஒரு சொல்லை எழுதுங்கள். பிறகு ஒரு நிமிடம் அவரோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அதே சொல்லை இன்னொரு தடவை எழுதிப் புள்ளிகளை எண்ணுங்கள்.